இருநூற்றைம்பது பட்டமும் ஒரு பனைமரமும்

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறாவது காடு மேடு சுற்றாவிட்டால் சோறு இறங்காது. பாறை ஏறத் தனி ஷூ, உறிஞ்சிக் குடிக்கக் குழாய் வைத்த முதுகுப்பை, நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும் வாட்ச் என்று ஒரு படையெடுப்புக்கான சாமான் எல்லாம் வைத்திருக்கிறான். "மாமா, உங்க செஞ்சிப் பக்கம் ட்ரெக்கிங் போக என்ன இருக்கு? ஒரு அருவி, ஒரு பழைய சுரங்கம், நம்ம ஊர் காட்டு மரம், இந்த மூணும் இருந்தாப் போதும்" என்றான் போனில். மூணும் இருக்குடா, கிளம்பி வா என்றேன். தேர்தல் வாக்குறுதி கொடுப்பவர்களுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நன்றாகவே வருகிறது.

முதலில் பனமலைக்குக் கூட்டிப் போனேன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நாட்டில் மலை என்றால் மரம் மூடிய பச்சை மலை கிடையாது. யாரோ லாரியில் பாறை ஏற்றி வந்து, வாடகைத் தகராறில் அங்கேயே கொட்டிவிட்டுப் போனமாதிரி கிடக்கும். பனமலை அதிலும் சின்னது. கீழே கடல்போல் ஏரி, மேலே ஒரு கோயில். மருமகன் ஷூ லேஸை இறுக்கிக் கட்டி, வாட்சை அமுக்கி, மூச்சை இழுத்துவிட்டு ஏறினான். லேஸ் கட்டிய நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட ஆனது.

இந்தக் குட்டி மலையின் தலையில் கோயில் கட்டியவர் சாமானியப்பட்டவர் இல்லை. இரண்டாம் நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்றால்தான் தெரியும். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே பல்லவர். அந்தக் காஞ்சிக் கோயிலின் சுற்றுச்சுவரில் தன்னுடைய பட்டப்பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். எத்தனை என்கிறீர்கள்? இருநூற்றைம்பதுக்கும் மேல்! ரணஜயன், அத்யந்தகாமன், ஆகமப்பிரியன், சங்கரபக்தன், வாத்யவித்யாதரன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நம் ஊர் கட்சிக்காரர்கள் தலைவர் பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது நாலாவது பட்டத்திலேயே சரக்கு தீர்ந்துபோய் 'எங்கள் உயிரே' என்று முடித்துவிடுவார்கள். பல்லவர் ஆபீஸில் அதற்கென்றே ஒரு டிபார்ட்மென்ட் இருந்திருக்க வேண்டும்.

பனமலையிலும் சும்மா விடவில்லை. இங்கே அவர் வெட்டி வைத்த வடமொழிக் கல்வெட்டு, பல்லவ வம்சத்தின் வேரைப் பாரதக் கதையில் வரும் அசுவத்தாமன் வரைக்கும் தோண்டிக்கொண்டு போகிறது. மற்ற பல்லவ சாசனங்கள் அதற்கும் மேலே ஏறி, துரோணர், பரத்வாஜர், பிரகஸ்பதி என்று பிரம்மாவில் போய்த்தான் நிற்கின்றன. வேலைக்கு விண்ணப்பம் போட்டவன் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் பிக் பேங்கிலிருந்து ஆரம்பித்த மாதிரி. இத்தனைக்கும் பல்லவம் என்றால் வடமொழியில் தளிர். தொண்டையர் என்று தமிழில் சொன்னால் அதுவும் ஒரு கொடி. பிரம்மா பெற்ற பிள்ளைகள் கடைசியில் கீரைக்கட்டில் வந்து நின்றார்கள்.

தன் பட்டம் இத்தனை இருந்தும் மனுஷனுக்குத் திருப்தி இல்லை. 720-இல் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினார் என்று சீனக் குறிப்புகளே சொல்கின்றன. என்ன விஷயம்? அரபுகளையும் திபெத்தியர்களையும் என் யானைகளை வைத்து அடிக்கப்போகிறேன், என் படைக்கு நீங்கள் ஒரு நல்ல பெயர் வையுங்கள்! காஞ்சிபுரத்துக்கும் திபெத்துக்கும் நடுவில் எத்தனை ஆறு, எத்தனை மலை, எத்தனை ராஜா என்றெல்லாம் கேட்கக் கூடாது. சீனச் சக்கரவர்த்தி மிகவும் மகிழ்ந்து, ஒழுக்கத்தைப் போற்றும் படை என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்து அனுப்பினார். யானைகள் திபெத்துக்குப் போன தகவல் எதுவும் இல்லை. பெயர் வைத்தாகிவிட்டதே, அப்புறம் எதற்குப் போக வேண்டும்?

பெரியபுராணத்தில் பூசலார் கதை வரும். காசில்லாத பக்தர், திருநின்றவூரில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் கோயில் கட்டுகிறார். அதே சமயம் காஞ்சியில் காடவர் மன்னன் கல்லால் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கிறான். இந்த மன்னன் நம் ராஜசிம்மன்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. முந்தின ராத்திரி சிவபெருமான் கனவில் வந்து, 'அன்றைக்கு எனக்குப் பூசலார் கோயிலில் வேலை இருக்கிறது, நீ வேறு தேதி வைத்துக்கொள்' என்கிறார். இருநூற்றைம்பது பட்டம் வைத்திருந்தவருக்குச் சீஃப் கெஸ்ட்டின் டேட்ஸ் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மன்னன் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தக் கோயில் எங்கே என்று தேடிக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்திருந்த ஏழையின் காலில் விழுந்தான் என்கிறது கதை. அது ஒன்றுக்காகவே ஒரு நூறு பட்டத்தை மன்னித்துவிடலாம். பாக்கி நூற்றைம்பது பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இத்தனை பேரும் புகழுமாக இருந்தவர் கட்டிய பனமலைக் கோயிலில் சாமிக்கு இன்றைக்கு என்ன பெயர்? தாளகிரீஸ்வரர். தாலம் என்றால் பனை, கிரி என்றால் மலை. பனமலைக்காரர், அவ்வளவுதான். ஊர்க்காரன் வைத்த பெயரை அப்படியே வடமொழியில் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். கோயிலைச் சுற்றிக் கால்தூக்கி நிற்கும் சிங்கத் தூண்கள் எல்லாம் 'ராஜசிம்மன், ராஜசிம்மன்' என்று தொண்டை கிழியக் கத்துகின்றன. முகவரியில் ஜெயித்தது பனைமரம்.

மரம் என்றா சொன்னேன்? தப்பு. பனை மரமே இல்லை. புறத்தே வைரம் பாய்ந்தது புல், அகத்தே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியர் அப்போதே கோடு கிழித்துவிட்டார். பனை, தென்னை எல்லாம் புல் கணக்கு. இன்றைய தாவரவியலைக் கேட்டாலும் ஒருவித்திலை, நெல்லுக்கும் மூங்கிலுக்கும் தூரத்து உறவு என்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரம் ஒரு புல்! நம் அரசாங்கத்தின் கவனக்குறைவு என்று மருமகன் சிரித்தான். இருக்கட்டும்டா, 'உள்ளூர் மரம் காட்டு' என்று கேட்டாயே, வாக்குறுதியில் முதல் நம்பர் நிறைவேறிவிட்டது என்றேன்.

பனமலைக்கு வெளியூர் ஆட்கள் வருவது ராஜாவைப் பார்க்க இல்லை. வடபுறச் சிறு சன்னிதியின் சுவரில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு காலை மடித்து, தலையைச் சாய்த்து, மேலே குடை. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வதி என்கிறார்கள். சிவன் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டார். அவள் மிச்சம் இருக்கிறாள், அதுவும் முழுசாக இல்லை. சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய வண்ணம். அந்த முகத்தில் ஒரு லேசான அலட்சியம், 'சரி சரி, ஆடி முடி' என்கிற மாதிரி. மருமகன் முதல்முறையாக வாட்சைப் பார்க்க மறந்தான். தீட்டியவன் பெயர்? எங்கும் இல்லை. அந்த ஆளுக்கு ஒரு பட்டம்கூடக் கிடையாது.

இறங்கும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மருமகன் பொறுப்பாக விசாரித்தான்: "இந்தக் கோயில யாரு கட்டினாங்கன்னு தெரியுமாம்மா?" அந்தம்மா ஆட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரோ ராசா கட்னதுப்பா" என்றார். வாத்யவித்யாதரா!

அடுத்தது சுரங்கம். மண்டகப்பட்டுக்குப் போனோம். இது ராஜசிம்மனின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா காலத்து வேலை. முதலாம் மகேந்திரவர்மன், 7-ஆம் நூற்றாண்டு. கருங்கல் பாறையைக் குடைந்து மண்டபம் ஆக்கியிருக்கிறார். அதற்கு முன்பு இந்தப் பக்கத்துக் கோயில்கள் செங்கல்லிலும் மரத்திலும்தான் எழும்பின. இவர் பாறையையே கோயிலாக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு கல்வெட்டும் வைத்தார். அதன் சாரம்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்து இல்லை, பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் செய்த கோயில் இது. இந்த உலகத்தின் முதல் 'நோ ஆடட் சுகர், நோ பிரிசர்வேட்டிவ்ஸ்' லேபிள் இதுதான் என்பது என் துணிபு. உலோகமே இல்லை என்றால் உளி எதில் செய்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

விசித்திரசித்தன் என்பது ஒரு பட்டம். மத்தவிலாசன், குணபரன், சத்ருமல்லன், சித்திரகாரப்புலி என்று இவருக்கும் ஒரு மூட்டை இருக்கிறது. எள்ளுப்பேரனுக்கு எங்கிருந்து வியாதி வந்தது என்று இப்போது புரிகிறதா? பக்கத்துத் தளவானூரில் குடைந்த கோயிலுக்குச் சத்ருமல்லேஸ்வரம் என்றே பெயர். சத்ருமல்லனின் ஈஸ்வரர்! சாமிக்கே ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கத்தை இன்றைய கட்சிகள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் எனக்கு மகேந்திரனை ரொம்பப் பிடிக்கும். காரணம், மனுஷன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நாடகம் எழுதினார். காஞ்சியில் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகன், தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, ஒரு பௌத்த பிக்குதான் திருடினார் என்று நடுத்தெருவில் மல்லுக்கு நிற்கிறான். எடுத்தது ஒரு தெருநாய். யோசித்துப் பாருங்கள்: நாட்டை ஆளும் ராஜா, தன் தலைநகரத்தையே குடிகாரர்களும் போலிச் சாமியார்களும் நிறைந்த ஊராக எழுதி, சிரித்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு இதையே யாராவது வெப் சீரிஸாக எடுத்தால் மூன்று மாவட்டத்தில் வழக்குப் போடுவார்கள். அன்றைக்கு வழக்குப் போட வேண்டிய ஆளே கதாசிரியர்.

மண்டகப்பட்டில் மூன்று மூர்த்திகளுக்கு வெட்டிய மூன்று கருவறையும் இன்றைக்குக் காலி. வாசலில் இரண்டு துவாரபாலகர்கள் மட்டும் உள்ளே யாரும் இல்லை என்று யாரும் சொல்லாததால் இன்னும் டியூட்டியில் நிற்கிறார்கள். "மாமா, இது சுரங்கமா?" என்றான். குடைஞ்சிருக்கா? குடைஞ்சிருக்கு. உள்ளே ஏதாவது கிடைக்குதா? கிடைக்கலை. அப்போ பழைய சுரங்கம்தானே!

செஞ்சிக்கோட்டையில் ராஜகிரி ஏற ஆரம்பித்தபோதுதான் அவன் வாய் அடைத்தது. எண்ணூறு அடி. வழியெல்லாம் வாசல் மேல் வாசல்; உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருபத்துநாலு அடி அகலப் பிளவு, அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் போதும் பல்லாயிரம் பேரைத் தடுக்க. இப்போது அந்தப் பத்துப் பேர் வேலையைக் குரங்குகள் பார்க்கின்றன. மருமகனின் எனர்ஜி பார் இரண்டாம் வாசலிலேயே சுங்கமாகப் போனது.

1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்கிற இடையர் தலைவர் இங்கே கோட்டைக்கு வித்திட்டார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஆடு மேய்க்கப் போன இடத்தில் புதையல் கிடைத்ததாம். நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். 1597-இல் வந்த பிமெண்டா என்கிற ஏசு சபைப் பாதிரியார், இவ்வளவு பெரிய ஊரை இந்தியாவில் பார்த்ததில்லை, போர்ச்சுகலில்கூட லிஸ்பனைத் தவிர வேறு ஊர் இதற்கு ஈடாகாது என்று எழுதினார். லிஸ்பனைத் தவிர! எவ்வளவு வியந்தாலும் சொந்த நாட்டை விட்டுக்கொடுக்காத மனசு. என் பெரியப்பாவும் அமெரிக்கா போய் வந்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா திண்டிவனம் அளவுக்கு இல்லை என்றார்.

வந்தவர்கள் எல்லாம் முதல் வேலையாகப் பெயரை மாற்றினார்கள். பீஜப்பூர்காரர்கள் 1649-இல் பிடித்து, பாதுஷாபாத் என்றார்கள். 1677-இல் சிவாஜி வந்தார்; மராட்டியர் வாயில் அது சந்தி ஆனது. மொகலாயர் பிடித்ததும் நுஸ்ரத்கட். பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் நாக்கில் அது ஜிஞ்சி, கிஞ்சி என்று வறுபட்டது. இத்தனை பேரும் கெஜட்டில் மாற்றிக்கொண்டிருக்கும்போது, சந்தைக்கு வந்த ஜனம் மட்டும் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் அவர்களுக்குச் சர்க்குலர் அனுப்பவில்லை போலிருக்கிறது.

இந்தக் கோட்டையின் உச்சக்கட்டக் காமெடி மொகலாய முற்றுகைதான். மராட்டிய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும், தம்பி ராஜாராம் மாறுவேஷத்தில் யாத்ரீகர்போலத் தெற்கே கிளம்பினார். வேஷம் பிரமாதம்; ஒரே ஒரு குறை. பெங்களூர்ப் பக்கம் தங்கியபோது ஓர் ஆள் இந்த 'ஏழை யாத்ரீகனின்' காலைப் பவ்யமாகக் கழுவிவிட, பார்த்தவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காவி கட்டலாம், தாடி வைக்கலாம். பக்கத்தில் இருக்கிற அல்லக்கையை என்ன செய்வது? கூட வந்தவர்கள் சிலர் தங்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு அவரைத் தப்பவிட்டார்கள். எப்படியோ செஞ்சி வந்து சேர்ந்தார்.

பின்னாலேயே ஜுல்ஃபிகர் கான் படையோடு வந்தார். 1690. முற்றுகை முடிந்தது 1698. எட்டு வருஷம்! நம் ஊர் மேம்பால வேலையைத் திட்டுகிறவர்கள் கவனிக்க. கோட்டை வலுவானதுதான், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. படையோடு இருந்த பீம்சேன் என்பவர் தன் நினைவுக் குறிப்பில், தளபதி மனசு வைத்திருந்தால் எப்போதோ பிடித்திருக்கலாம் என்று புலம்பியிருக்கிறார். பிடித்துவிட்டால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், பிடிக்காதவரை டி.ஏ., படி, அதிகாரம் எல்லாம் ஓடும். எதிரியோடு உள்ளுக்குள் பேச்சுவார்த்தை நடந்ததாகவும் அப்போதே வதந்தி. காண்டிராக்ட் தர்மம் காலங்கடந்தது.

மகன் போனால் வேலை நடக்கும் என்று ஔரங்கசீப் தன் கடைக்குட்டி காம் பக்‌ஷை அனுப்பினார், கூடவே ஜுல்ஃபிகரின் அப்பா, வஜீர் அசத் கானையும். இளவரசர் வந்து பார்த்தார். வெளியே சேறு, கொசு, பசி. மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் பின்பக்கம் வந்து சாப்பாட்டு வண்டிகளை வேறு மறித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, டெக்கானில் அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு புரளி. உடனே இளவரசர் கோட்டைக்குள் இருக்கும் ராஜாராமோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து ஆரம்பித்துவிட்டார். யாரைப் பிடிக்க வந்தாரோ அவரிடமே அடைக்கலம்! விஷயம் தெரிந்து, அசத் கானும் ஜுல்ஃபிகரும் அப்பனும் மகனுமாகச் சேர்ந்து இளவரசரைக் கைது செய்தார்கள். எட்டு வருஷ முற்றுகையில் மொகலாயப் படை பிடித்த பெரிய புள்ளி அவர்தான். சொந்த சக்கரவர்த்தியின் சொந்தப் பிள்ளை.

கோட்டை கடைசியில் விழுந்தபோது ராஜாராம் முன்கூட்டியே வேலூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். வந்த காரியம் ஓடிவிட்டது, வீடு மட்டும் கையில் கிடைத்தது.

ராஜாராமுக்குச் செலவுக்குக் காசு வேண்டியிருந்த 1690-இல் ஒரு ரியல் எஸ்டேட் டீல் நடந்தது. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் வாங்கினார். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். எல்லை எப்படி அளப்பது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊரெல்லாம் சேரும். சர்வேயர் இல்லை, பட்டா இல்லை, எஃப்.எம்.பி. இல்லை. கம்பெனி என்ன செய்யும்? இருப்பதிலேயே நல்ல பீரங்கியைச் சென்னையிலிருந்து அனுப்பி, மருந்து அடைப்பதில் திறமையைக் காட்டச் சொல்லி பீரங்கிக்காரனுக்கு நாசூக்காகச் சொல்லிவிட்டது. குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். தன் குடிசை கம்பெனி எல்லைக்குள்ளா வெளியிலா என்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்த்த விவசாயியின் நிலைமையை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

தேசிங்கு ராஜாவைச் சொல்லாமல் செஞ்சியை விட்டு இறங்கினால் ஊர்க்காரர்கள் என்னைக் கீழே விடமாட்டார்கள். பாட்டாகவும் கூத்தாகவும் தலைமுறை தலைமுறையாக வந்து, 1960-இல் எம்.ஜி.ஆர். படமாகவும் ஆன வீரன். பேர் தேஜ் சிங். வடக்கே புந்தேல்கண்ட் வம்சம். செஞ்சித் தமிழர்கள் உயிரைவிடும் ஹீரோ தமிழ்நாட்டுக்காரர் இல்லை என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, எனக்கும் இல்லை. அப்பா செத்து, கோட்டைப் பொறுப்பு கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தகராறு என்ன? வரி பாக்கி. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார், இவர் கொடுக்க மாட்டேன் என்றார். 1714 அக்டோபரில், சில நூறு குதிரைக்காரர்களோடு பெரும்படைமேல் பாய்ந்து செத்துப்போனார். வயது இருபத்திரண்டு வாக்கில். நாட்டை முப்பது, நாற்பது வருஷம் ஒழுங்காக ஆண்டு, ஏரி வெட்டி, வரி வாங்கி, கட்டிலில் செத்த நாயக்கர்கள் பெயர் செஞ்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தே மாசத்தில் சூப்பர் ஹிட் ஆனவர் இவர்தான். மலைமேல் நின்று பார்த்தால் அந்தப் பையன் பாய்ந்த சமவெளி தெரிகிறது. மருமகனுக்கு வயது இருபத்தாறு. அவன் ஒன்றும் பேசவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள்; பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. ஆடு மேய்த்த ஆனந்தக் கோனுக்கு அடுத்த லிஸ்ட்டில் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்கள்.

பழைய சுரங்கம் இன்னும் வேண்டுமா என்று மருமகனைக் கேட்டேன். செஞ்சியே ஒரு சுரங்கம்தான். அடிவாரத்து வெங்கட்ரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கல்தூண்கள் செஞ்சிக் கல். ஒரு சொத்தும் வைத்துக்கொள்ளாத மனிதருக்கு, கோயிலிலிருந்து எடுத்த தூண்களால் பாதுகாப்பு. காந்தி மட்டும் பேசியிருந்தால் அதே பாதையில் திருப்பி நடந்து கொண்டுபோய் வைத்திருப்பார்.

செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று. ஒரே பாறையில் இருபத்துநாலு தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்கிற சமணத் துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் என்று அங்கே ஒரு பழங்கல்வெட்டு. சில சொற்கள்தான். பிரம்மா இல்லை, அசுவத்தாமன் இல்லை, செங்கல் சுண்ணாம்பு விளம்பரம் இல்லை. இதில் கிண்டல் செய்ய எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கீழே இறங்கி டீ குடித்தோம்.

நாட்டு மரம் விஷயத்துக்கு வருகிறேன். செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்கரை, புறம்போக்கு எங்கும் பார்த்தால் வேலிகாத்தான். சீமைக் கருவேலம் என்றாலும் அதுதான். பூர்வீகம் மெக்சிகோ பக்கம். பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று அத்தனை பேரும் பீரங்கி வைத்து மூச்சுமுட்டப் பிடிக்க முயன்ற நாட்டை, இது ஆட்டுப் புழுக்கையில் விதையாகப் புகுந்து ஒரு முற்றுகையும் இல்லாமல் பிடித்துவிட்டது. இன்னும் ஒருத்தரும் மீட்கவில்லை.

அசல் மண்ணின் மரம் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே திருவக்கரை போக வேண்டும். இருபது மில்லியன் வருஷத்துக்கு முந்தைய மரங்கள், கல்லாகிப் படுத்திருக்கின்றன. கல்மரம் என்பார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்திருக்கிறது. வேரும் கிளையும் இல்லாத வெறும் அடிமரங்கள் என்பதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். மரத்தின் நாரில் நாராகச் சிலிக்கா புகுந்து உட்கார்ந்துகொண்டது. வளையம் தெரிகிறது, முடிச்சு தெரிகிறது, தட்டினால் மட்டும் 'டங்' என்கிறது. வக்கிரகாளி அழித்த வக்கராசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நாலு ஆள் நீளத்துக்கு அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கும் அசுரன் கட்சிதான் சரி என்று படுகிறது.

இதை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் பியர் சொனெரா, பிரெஞ்சு இயற்கையியலாளர், 1781-இல். பெரிய பயணி, நல்ல ஓவியர், ஒரு சின்னக் கெட்ட பழக்கம்: போகாத ஊருக்குப் போனதாக எழுதுவார். நியூகினியில் பார்த்தேன் என்று பென்குவின் படம் போட்டார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பென்குவின்! ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவையையும் அதே ஊர்க் கணக்கில் எழுதிவிட்டார். அவரை நம்பிப் பெயர் வைத்த அறிவியல், அந்தப் பறவைக்கு இன்றுவரை 'நியூகினியுடையது' என்ற லத்தீன் பெயரையே வைத்திருக்கிறது. ஆனால் திருவக்கரை விஷயத்தில் ஆள் சுத்தம். கல்மரம் நிஜமாகவே இருக்கிறது, நான் உட்கார்ந்து பார்த்தேன். நம் காட்டுக்கோழிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னதற்குத் தண்டனையா, உண்மை சொன்னதற்குப் பரிசா தெரியவில்லை. கோழியையும் யாரும் கேட்கவில்லை.

"மாமா, அருவி?" என்றான் மருமகன், விடாக்கண்டன். திரும்பப் பனமலைக்கே வந்தோம். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. கரையின் ஓரத்தில் கட்டிய கல் கலிங்கின் மேல் உபரித் தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு வழிந்து விழ, பத்துப் பதினைந்து பையன்கள் கத்திக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தன் கெளுத்தி மீனைச் சட்டையில் பிடித்துக்கொண்டு ஓடினான். "இதுதான் அருவியா?" என்றான். உயரம் நாலு அடிடா, ஆனா வருஷாவருஷம் வராது, அதனால நயாகராவைவிட மவுசு அதிகம் என்றேன். ஷூவைக் கழற்றிவிட்டு அவனும் இறங்கினான்.

ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்தவன் திடீரென்று எகிறிக் குதித்தான். ஓடுகிறவர்களும் மலை ஏறுகிறவர்களும் வைத்திருக்கும் ஆப் ஒன்று. காலையில் பனமலைப் படிகளில் இவன் ஏறிய நேரம்தான் அதுவரை யாரும் ஏறாத வேகமாம். திரையில் ஒரு தங்கக் கிரீடம், அதன் கீழே பட்டம்: கிங் ஆஃப் தி மவுண்டன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டான். அக்கா உடனே 'வாழ்த்துகள் ராஜா' என்று பதில் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை போன் செய்தான். குரலே சரியில்லை. எவனோ ஒருத்தன் வந்து பதினொரு விநாடி வித்தியாசத்தில் கிரீடத்தைப் பிடுங்கிக்கொண்டானாம். "நாலே நாள் மாமா!" என்றான். "ஞாயித்துக்கெழமை வரேன். கோடி இன்னும் போவுதா?"